பஞ்சும் கயிறும் பிரெஞ்சு ஹார்னும்

எந்த ஊரிலும் வாத்தியக்காரர்களே முதலில் தோன்றுவார்கள். அவர்கள் அளவுகடந்து ஊதத் தொடங்கிய பின்னரே அவர்களை அடக்குவதற்கென ஒரு வாரியம் அமையும். புதுச்சேரி நகர வரவேற்பு வாத்திய வாரியமோ, பிறர் வருகைக்குக் காத்திராமல் தானே முதலில் அமைந்துகொண்டது. தலைவர் வந்தார், உறுப்பினர்கள் வந்தார்கள், அவர்களுக்கு மகிழுந்துகள் வந்தன, மகிழுந்துகளுக்கு நிழற்கொட்டகை வந்தது. வாசிப்பதற்கும் சிலர் தேவைப்படலாம் என்ற ஐயம் கடைசியாக எழுந்தது. அவ்வையத்தையும் வாரியம் நெடுங்காலம் ஆராய்ந்த பின்னரே ஏற்றுக்கொண்டது.

கடல்கடந்து வரும் விருந்தினரைக் கடற்கரைச் சாலையில் இசைமுழக்கி வரவேற்பது அவ்வாரியத்தின் கடமை. அதன் முகப்புக்கூடத்தில் பூட்டிய கண்ணாடிப் பேழை ஒன்று உண்டு. அதனுள்ளே புத்தம்புதிய பிரெஞ்சு ஹார்ன் ஒன்று, பெரிய நத்தையைப் போலச் சுருண்டு, வெல்வெட்டு மெத்தையில் துயின்றுகொண்டிருந்தது. வாங்கிய நாள்முதல் அதனை எவரும் ஊதியதில்லை. ஊதத் தெரிந்தவர் வாரியத்தில் இல்லை. பேழையைத் துடைக்கத் தெரிந்தவர் மட்டும் இருந்தார். அவர் பெயர் கோவிந்தசாமி; பதவி, பியூன்.

தேர்வு நாளன்று காலையில் அந்தப் பேழையின்மேல் மூக்கு அழுந்த நின்றுகொண்டிருந்தாள் குருசுக்குப்பத்துக் கார்குழலி.

"கண்ணாடிய நக்கிடாதடி," என்றாள் அவளுடைய தாய் சொர்ணம். "மொதல்ல வேல கெடைக்கட்டும். அப்புறம் கட்டிப் புடிச்சிக்கினு தூங்கு, யாரு கேக்கப் போறா?"

சொர்ணம் மீன் விற்பவள். பெரிய மார்க்கெட்டில் அவள் குரலை மீறி எந்த வஞ்சிரமும் அழுகியதில்லை. மகள் சென்னைக்குச் சென்று இசைக்கல்லூரியில் சேர்ந்து, வேறு எவரும் தொடாத காரணத்தால் தனக்குக் கிடைத்த பிரெஞ்சு ஹார்னைப் பயின்றுவந்தபோது, அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "இத்த ஊதினா எதுனா ஓடி வருமா, இல்ல இருக்கிறதும் ஓடிப்புடுமா?"

விடை இன்னும் தெரியவில்லை. கார்குழலியின் தோளில் தொங்கிய ஹார்ன் கல்லூரிக்கு உரியது. மாத முடிவில் அதனைத் திருப்பித் தந்தாக வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்குவதற்கு எண்ணிப்பார்த்தால், அவ்விலைக்கு எஞ்சினோடு ஒரு ஃபைபர் படகே வாங்கிவிடலாம். வாரியத்தின் வேலை கிடைத்தால் பேழை திறக்கும். கிடைக்காவிட்டால், துடுப்புப் போடப் பழகிவிட்டுக் கடலில்லாத ஊருக்கு வாழ்க்கைப்பட்டவளைப் போல, வெறும் உதட்டோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இத்தகைய தேர்வர்களின் நலன் கருதியே வாரியம் ஒரு கையேட்டை வெளியிட்டிருந்தது. 'பிரெஞ்சு ஹார்ன் தேர்வர்க்கான நடைமுறை அறிவுரைகள்' என்பது அதன் பெயர். அதன் ஆசிரியர் குழுவினர், கருவியைக் கண்டால் நடுநிலை பிறழக்கூடும் என்று அஞ்சி, அதனைக் காணாமலேயே எழுதி முடித்தார்கள்.

"ஹார்னின் குழல், வளைவுகளை நீக்கி அளந்தால், ஓர் அறையின் நீளத்தை மிஞ்சும்," என்று கையேடு கூறியது. "அதனைச் சுருட்டி வைத்திருப்பது இடத்தட்டுப்பாட்டின் விளைவேயாகும். வாரியத்தின் கூடம் விசாலமானது. ஆதலால் இயன்றவர்கள் கருவியை நிமிர்த்திக் கொண்டுவரலாம்." பின்னர், கருவியின் வால்வுகளுக்கு எண்ணெயிடல் இன்றியமையாதது என்றும், அவரவர் இல்லத்தில் வழங்கும் எண்ணெயே போதுமானது என்றும் அது கூறியது. கருவியின் அகன்ற வாய் தேர்வுக்குழுவை நோக்கியே இருத்தல் வேண்டும் என ஒரு பக்கத்தில் வற்புறுத்தியது. தேர்வர் குழுவினருக்கு முதுகு காட்டுதல் அவமதிப்பு என அடுத்த பக்கத்தில் எச்சரித்தது. ஹார்னின் வாயோ வாசிப்பவரின் பின்பக்கம் நோக்கித் திரும்பியிருப்பது. எனவே ஓர் அவமதிப்பு உறுதி. எது வேண்டும் என்பது தேர்வரின் உரிமை.

சொர்ணத்தின் அறிவுரை இதைவிடச் சுருக்கமானது. "காரம் தின்னாத. ஒதட்டக் கடிக்காத. வாயக் கொப்புளிச்சிட்டுப் போ. பயமா இருந்தா எதிர்ல இருக்கிறவன கெளங்கா மீனுன்னு நெனச்சிக்கோ."

தேர்வுக்கு வந்திருந்தோர் மூவர். வாரியத் தலைவர் காசிலிங்கத்தின் மச்சான் மகன் சரத்குமார் ஒருவன். சுகாதார உறுப்பினர் நாராயணசாமியின் மருமகன் எழிலரசன் மற்றொருவன். மூன்றாமவள் கார்குழலி, அவள் சொர்ணத்தின் மகள் மட்டுமே.

முதற்கண் கருவிச் சோதனை நடைபெற்றது. அதனை நடத்தியவர் பிரெஞ்சு விவகார உறுப்பினர் இராமதாஸ். இவரை எல்லோரும், பிரெஞ்சு மரியாதையோடு, முசே இராமதாஸ் என்றே அழைப்பர். அவ்வாறு அழைக்காதவர்களுக்கு அவர் காது கேட்பதில்லை. கார்குழலியின் ஹார்னைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"என்னம்மா இது? ஜெர்மனின்னு போட்டிருக்கு?"

"அங்கதான் சார் செஞ்சது. நெறைய ஹார்னு அங்கதான் செய்யிறாங்க."

"பிரெஞ்சு ஹார்ன்னு சொல்லிட்டு ஜெர்மன்காரன உள்ள கூட்டியாந்திருக்கியே! இதுக்கு நாசியோனலித்தே, பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் இருக்கா? எங்க தாத்தா அந்தப் பேப்பருக்கு எத்தினி வருசம் நடந்தாரு தெரியுமா? ஒரு பித்தள வந்து ஈசியா வாங்கிட்டுப் போயிடுமா?"

"முசே," என்று சொர்ணம் குறுக்கிட்டாள், "அந்தக் கண்ணாடிப் பொட்டியில இருக்கிறதுலயும் அதே பேருதான் போட்டிருக்குது. நான் பார்த்தன்."

முசே இராமதாஸ் பேழையருகே சென்று குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஓர் அரசுத்தன்மை குடியேறியிருந்தது. "அது வாரியத்துக்கு வந்தப்பவே பிரெஞ்சாயிடுச்சு," என்றார். "இதுவும் உள்ள வந்துட்டா ஆயிடும். போ."

கூடத்தின் நடுவே, சுவருக்குச் சுவர், கருந்திரை ஒன்று கட்டப்பட்டிருந்தது. தேர்வுக்குழுவினர் ஒருபுறம், தேர்வர் மறுபுறம். ஊதுபவர் ஆணா, பெண்ணா, எவர் மகன், எந்தத் தெரு என்பவற்றைக் காணாமல், இசையை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது உலகின் பெரிய வாத்தியக் குழுக்களின் வழக்கம். நல்ல வழக்கம். வாரியத்தின் கையில் சிக்கும்வரை அதற்கு ஒரு குறையும் இல்லை.

தேர்வர்கள் சீட்டெடுத்து எண்வில்லைகளைப் பெற்றுக்கொண்டார்கள். சரத்குமாருக்கு முதல் வில்லை, எழிலரசனுக்கு இரண்டாவது, கார்குழலிக்கு மூன்றாவது. திரைக்கு அப்பாலிருந்து தலைவர் காசிலிங்கம் தொடக்கவுரை ஆற்றினார். பொதுப்பணித்துறையில் பாலங்கள் கட்டியவர் அவர்; அவர் உரையும் அவ்வாறே, இக்கரையில் தொடங்கி எக்கரையையும் தொடாமல் நிற்கும்.

"நடுநிலை! அதுவே இவ்வாரியத்தின் உயிர்மூச்சு. என் மச்சான் மகன் இத்தேர்வுக்கு வந்திருக்கிறான் என்று சிலர் புறம் பேசுகிறார்கள். அவர்களை நான் கேட்கிறேன்: இத்திரைக்கு அப்பால் இருப்பவன் அவன்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் மூன்று முறை இருமினாலொழிய எனக்குத் தெரியவே தெரியாது!"

முதல் வில்லைக்காரர் அழைக்கப்பட்டார். திரைக்கு இப்பால் நாற்காலி இழுபட்டது. பின்னர்த் தெளிவாக, அளவாக, மூன்று இருமல்கள் கேட்டன.

"நிறுத்துங்க!" என்றார் நாராயணசாமி. "இருமல் தொத்துநோய். சுகாதார விதிப்படி இருமறவனெல்லாம் வெளிய போவணும்."

"மச்சா... அந்தத் தேர்வருக்குத் தொண்டை கட்டியிருக்கலாமே, நாராயணசாமி!"

"நேத்து ராத்திரி உங்க வீட்டு மாடியில இருமிப் பழகினப்ப நல்லாத்தான இருந்தாரு? தெருவே கேட்டுதே!"

இருமல் தடைசெய்யப்பட்டது. தலைவர் விட்டுவிடவில்லை. "அப்படியென்றால் சாவிக்கொத்தைக் குலுக்குவதையும் தடை செய்ய வேண்டும். சாவி குலுங்கினால் அது யாருடைய மருமகன் என்று எனக்குத் தெரியாதா?"

"அபாண்டம்!" நாராயணசாமி எழுந்தே நின்றுவிட்டார். "மனசாட்சிய தொட்டுச் சொல்றேன், நானும் எங்க மாப்ளையும் பேசி வச்சது சாவியே கெடயாது, கடியார அலாரம்!"

அவர் வாய் மூடுவதற்குள் கூடத்துக்கு வெளியே, எழிலரசனின் மணிக்கட்டில், அலாரம் பாடத் தொடங்கியது.

அதற்குப் பின் விதிகள் மழைக்கால ஈசல்போலப் புறப்பட்டன. வில்லைகள் கலைத்து மறுபடி சீட்டெடுக்கப்பட்டன; குழு அறியாமல் அவரவர்க்குப் பழைய எண்ணே வந்தது. கடிகாரங்கள் கழற்றப்பட்டன. காலடி ஓசை ஆளைக் காட்டிக்கொடுக்கும் எனச் செருப்புகள் வெளியேறின. நறுமணம் காட்டிக்கொடுக்கும் என எல்லாத் தேர்வர்களுக்கும் ஒரே வகைத் தலைவலித் தைலம் பூசப்பட்டது. ஹார்ன் ஊதுவோர் இடையிடையே குழலுக்குள் தேங்கும் மூச்சுநீரைச் சாய்த்துக் கொட்டுவதுண்டு. அது எச்சில் துப்புதலே என்றும், அரசுக் கட்டடத்தில் அது குற்றம் என்றும் நாராயணசாமி முடிவுகட்டினார். பின்னர், துப்பும் விதத்திலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று தலைவர் கருதியதால், ஒரு வாளியில் மணல் நிரப்பி, அதன்மேல் குடை விரித்துக் கோவிந்தசாமி நிற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இவ்வளவுக்குப் பின்னும் தலைவரின் முகம் தெளியவில்லை. "ஊதத் தொடங்கினால் மட்டும் தெரியாதா? ஒவ்வொருவன் ஊதுவதும் ஒரு தினுசு. நாராயணசாமி மருமகன் ஊதினால் காற்றுப்போன டயர்போல இருக்கும். நான் உடனே கண்டுகொள்வேன்."

"உங்க பையன் ஊதினா சத்தமே வராது. அத வச்சி நானுங்கூடக் கண்டுபுடிச்சிடுவேன்."

அப்போது முசே இராமதாஸ் தொண்டையைச் செருமி, தலைவரைப் பிரெஞ்சில் விளித்தார். "முசே பிரெசிதான், கண்ண மறைச்சாச்சு. இப்ப கள்ளத்தனம் பூராவும் காது வழியாத்தான் வருது. காதையும் மறைச்சிட்டா நடுநிலை முழுசாயிடும்."

மூவரும் ஒருங்கே கை உயர்த்தினார்கள். பின்பு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கோவிந்தசாமி ஓடிச்சென்று மருந்துக்கடையிலிருந்து பஞ்சுக் கட்டையும், எங்கிருந்தோ மூன்று குரங்குக் குல்லாய்களையும் கொண்டுவந்தார். அக்கினி நட்சத்திரம் கொளுத்திய அந்த மே மாதப் பகலில், மூன்று பெரியவர்கள் காதில் பஞ்சடைத்து, கழுத்துவரை கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டு, நடுநிலையோடு வியர்க்கத் தொடங்கினார்கள்.

"யண்ணே," என்று கார்குழலி கோவிந்தசாமியிடம் மெல்லக் கேட்டாள், "காதே கேக்கலன்னா மார்க்கு எப்பிடிப் போடுவாங்க?"

"போன வாட்டி டிரம்முக்காரன எடுத்தப்ப நல்லாத்தான் காது கேட்டுது. அப்ப மட்டும் கேட்டா போட்டாங்க?" என்றார் கோவிந்தசாமி.

ஓர் இடர்ப்பாடு மிஞ்சியது. வாசிப்பு எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று கேளாச் செவியினர் அறிவது எங்ஙனம்? அதற்கும் வாரியம் வழிகண்டது. தலைவரின் வலக்கால் பெருவிரலில் ஒரு நைலான் கயிறு கட்டப்பட்டு, திரையின் அடிவழியே தேர்வரின் பக்கம் விடப்பட்டது. தேர்வர் ஒரு முறை இழுத்தால் தொடக்கம். தலைவர் திரைக்கு மேலே சிவப்புக் கொடியை உயர்த்துவார். மறுமுறை இழுத்தால் முடிவு. மீண்டும் கொடி உயரும். இரண்டாம் கொடி உயராத வாசிப்பு முடிவுறாத வாசிப்பு. அது தள்ளுபடி செய்யப்படும்.

முதல் வில்லைக்காரனான சரத்குமார் கயிற்றை இழுத்தான். கொடி உயர்ந்தது. எவர்க்கும் கேளாது என்பதை அறிந்த அந்த இளைஞன் ஹார்னை மடியில் கிடத்தி, கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்து முடித்து, மீண்டும் இழுத்தான். கொடி உயர்ந்தது. எழிலரசனோ உண்மையாகவே ஊத முயன்றான். கையேட்டின்படி வீட்டு நல்லெண்ணெயை வால்வுகளில் தாராளமாக ஊற்றியிருந்தமையால், அவை ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. குழலிலிருந்து தாளித்த வாசனை மட்டுமே வெளிவந்தது. அவனுக்கும் கொடி உயர்ந்தது. இருவர்மீதும் எக்குறையும் சொல்வதற்கில்லை எனக் குழுவினர் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாவதாகக் கார்குழலி உள்ளே சென்றாள். குழுவுக்கு முதுகு காட்டுவதா, ஹார்னின் வாயைக் காட்டாதிருப்பதா என்ற இரு குற்றங்களுக்கும் நடுவே, பக்கவாட்டில் திரும்பி அமர்ந்தாள். ஆகவே ஹார்னின் வாய் தாழ்வாரத்தை நோக்கியது. இடக்கை விரல்களை வால்வுகளில் வைத்து, வலக்கையை வழக்கம்போல ஹார்னின் வாய்க்குள் செருகினாள். கயிற்றை மெல்ல இழுத்தாள். சிவப்புக் கொடி சோம்பலாக உயர்ந்து தாழ்ந்தது.

அவள் ஊதினாள்.

முதல் சுரம் மிக மெல்லியது. அதுதான் ஹார்னில் மிகக் கடினமானது. உதடு ஒரு மயிரிழை பிசகினால் குழல் குழறி மானத்தை வாங்கிவிடும். அது பிசகவில்லை. சுரம் பழுத்து, அகன்று, தாழ்வாரத்தில் இறங்கி, கதவைக் கடந்து தெருவுக்குப் போயிற்று. இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை ஓங்கியபடியே நின்றார். சைக்கிள் ரிக்ஷாவிலிருந்த வெள்ளைக்காரத் தம்பதியர் ரிக்ஷாவை நிறுத்தச் சொன்னார்கள். குடையோடு நின்ற கோவிந்தசாமி, தாம் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய பேழைக்குள் கிடப்பதும் இவ்வளவு பேசுமா என்று வியந்து, குடையை மறந்து தாழ்த்திவிட்டார். மகள் ஊதுவதைக் குருசுக்குப்பத்தில் அன்றாடம் கேட்டு, "அடங்கித் தொலையேண்டி" என்று கத்திப் பழகிய சொர்ணம், அன்று மட்டும் பக்கத்தில் எவரையும் மூச்சுவிட விடவில்லை.

கேட்க வேண்டிய மூவர் மட்டும் கேட்கவில்லை.

வாசித்து முடித்தாள். கயிற்றை இழுத்தாள். கொடி உயரவில்லை. மறுபடியும் இழுத்தாள். திரைக்கு அப்பால் ஓர் ஆழ்ந்த, சீரான மூச்சொலி கேட்டது. கம்பளிக் குல்லாயின் வெதுவெதுப்பில் தலைவர் உறங்கிப்போயிருந்தார்.

"கொடி வரலன்னா தள்ளுபடி!" கோவிந்தசாமி பதறினார். "நான் உள்ள போயி எழுப்பவும் கூடாது, எழுப்பினா சாடை காட்டினேன்னு சொல்லிடுவாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மத்தியான சாப்பாட்டு மணி அடிச்சிடும். அதோட முடிஞ்சுது."

கார்குழலி மூன்றாம் முறை, நான்காம் முறை இழுத்தாள். கயிறு இளகி இளகி வந்தது. இசைக்கல்லூரியில் கற்ற நளினமெல்லாம் அந்த இழுப்பில் இருந்தது. நளினத்துக்கு எழும் உறக்கமா அது?

தாழ்வாரத்திலிருந்து சொர்ணத்தின் குரல், மார்க்கெட்டையே அடக்கும் அதே குரல், வெடித்து வந்தது. "அடியே! கோலமா போடுற? உங்க மாமனுங்க கரவல எப்பிடிடி இழுப்பானுங்க? காலப் பின்னால ஊனு! கயித்த இடுப்புல போடு! ஊரே ஒக்காந்து இழுக்கிற வலயின்னு நெனச்சிக்கினு இழு!"

கார்குழலி ஹார்னை நாற்காலியில் பத்திரமாக வைத்தாள். எழுந்தாள். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள். இடக்காலைப் பின்னூன்றி, உடலைச் சாய்த்து, பரம்பரை பரம்பரையாகக் குருசுக்குப்பத்து மணலில் வலை கரையேற்றிய கூட்டத்தின் வலுவையெல்லாம் திரட்டி ஓர் இழுப்பு இழுத்தாள்.

வாரியத்தின் தரை அண்மையில்தான் மெருகேற்றப்பட்டிருந்தது. தலைவர் காசிலிங்கம் நாற்காலியோடு புறப்பட்டார். வலக்கால் முன்னே வந்தது. அதன் பின்னே நாற்காலி. அதன் மேலே குல்லாய் மூக்குவரை இறங்கிய தலைவர். எல்லாவற்றுக்கும் மேலே, விழித்த அதிர்ச்சியில் இரு கையாலும் உயர்த்திப் பிடித்த சிவப்புக் கொடி. திரை அவரோடு வந்தது. திரையோடு அதன் கம்பம் வந்தது. நாராயணசாமியும் முசே இராமதாசும் கருந்துணிக்குள் சிக்கி, இரு பெரிய திருக்கை மீன்களைப்போலத் துடித்தார்கள்.

"கொடி ஏறிடுச்சு!" என்று கத்தினார் கோவிந்தசாமி. "எல்லாரும் பார்த்துக்கிட்டீங்களா? கொடி ஏறிடுச்சு!"

கார்குழலி ஹார்னை எடுத்துக்கொண்டு, விதிப்படி, ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறினாள். ஒருவர் கண்களைக் குல்லாய் மூடியிருந்தது; மற்றிருவர் கண்களைத் திரை மூடியிருந்தது. அவளை எவரும் பார்க்கவில்லை.

இனி, அவள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டாள் என்பதைக் கூற வேண்டும். இசையால் என்று எண்ணுவோர் வாரியங்களை அறியாதவர்கள். பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே எழுந்த காசிலிங்கம், 'ஆகா, இருமலுக்குத் தடை போட்டார்களென்று நம் பையன் கயிற்றிலேயே சாடை காட்டிவிட்டானே!' என்று பூரித்து, மூன்றாம் வில்லைக்கு முழு மதிப்பெண் இட்டார். துணிக்குள்ளிருந்து வெளிப்பட்ட நாராயணசாமி, 'தலைவரையே தரையில் இழுக்கும் துணிவு என் மருமகனையன்றி எவனுக்கு வரும்?' என்று நெஞ்சு நிமிர்ந்து, அதே வில்லைக்கு முழு மதிப்பெண் இட்டார். முசே இராமதாஸ், மற்ற இருவரும் என்ன இட்டார்கள் என்று எட்டிப் பார்த்து, சுதந்திரமாக அதையே இட்டார்.

மூன்றாம் வில்லை தங்கள் பையன்களுடையதன்று என்ற உண்மை வெளிப்பட்டபோது ஆணை கையெழுத்தாகியிருந்தது. மச்சான் வந்து காசிலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்று கத்தினார். மருமகன் நாராயணசாமியோடு பேசுவதை நிறுத்தினான். நியமனத்தை நீக்கலாமா என்று வாரியம் இரகசியமாகக் கூடி ஆராய்ந்தது. நீக்க வேண்டுமானால் மூன்றாம் வில்லைக்கு உரியவர் யாரென்று பார்க்க வேண்டும். பார்ப்பது விதிமீறல். அவ்விதியை இயற்றியவர்கள் அவர்களே. ஆகவே, 'மூன்றாம் வில்லை அவர்களுக்கு' என்று முகவரியிட்ட நியமன ஆணை, கோவிந்தசாமியின் கையால் குருசுக்குப்பம் வந்துசேர்ந்தது. பேழையின் பூட்டைத் திறந்தவரும் அவரே. வெல்வெட்டு மெத்தையிலிருந்து ஹார்னைத் தூக்கிக் கார்குழலியின் கையில் வைத்தபோது, "தொடச்சித் தொடச்சி கை வலிக்குதும்மா, இனிமே நீ ஊது, அது தானா பளபளக்கும்," என்றார். அன்று மாலையே கல்லூரியின் ஹார்ன், நல்லபடியாகத் துணிசுற்றி, சென்னைப் பேருந்தில் ஏறியது.

ஜூலை மாதத்தில் ஒரு மாலை, பிரான்சிலிருந்து விருந்தினர் குழு ஒன்று வந்தது. கடற்கரைச் சாலையில் வாத்தியக் குழு வரிசையாக நின்றது. அதன் பின்னே, பந்தலின் முதல் வரிசையில், வாரியத்தார் அமர்ந்திருந்தார்கள். மூன்றாம் வில்லை யாரென்று, விதிப்படி, அவர்கள் இன்னும் பார்த்ததில்லை. ஹார்னின் வாய் பின்பக்கம் நோக்குவதாகையால், கார்குழலி ஊதியது முழுவதும் நேராக அவர்கள்மீதே சென்று விழுந்தது. அன்று அவர்கள் காதில் பஞ்சு இல்லை.

விருந்தினர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அலைகூடச் சற்றுப் பொறுத்தே வந்தது. காசிலிங்கம் கைத்தடியை ஊன்றி முன்னே சாய்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாராயணசாமி," என்றார், "யாருய்யா அந்தப் பொண்ணு? இப்படி ஊதுறவ இந்த ஊருலயே இருக்கா. நம்ம தேர்வுக்கு வராமப் போயிட்டாளேய்யா!"

நாராயணசாமி சற்றே சிந்தித்தார். "வந்தேயிருந்தாலும் நமக்கு எப்பிடிங்க தெரிஞ்சிருக்கும்?"

காசிலிங்கம் பெருமிதத்தோடு தலையசைத்தார்.

"அதுதான்யா நடுநிலை."